கொலுசு போட்ட காலில் ஏன் சீழ் பிடிக்கிறது?

குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு வெள்ளியில் இருக்கும். இடுப்பில் கட்டும் அரைஞாணும் வெள்ளிதான். எண்ணெய் தெறித்துக் கை வெந்துவிட்டது என்று மருந்துக் கடையில் போய் நின்றால், எடுத்துக் கொடுக்கும் வெள்ளைக் களிம்பின் பெயரிலும் ‘சில்வர்’ இருக்கும். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், மருத்துவர்களும் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கொலுசு போட்ட காலில் புண் வந்தால் அது சீழ் பிடிக்கக் கூடாது அல்லவா? ஆனால் பிடிக்கிறது. கொலுசு உராய்ந்தே புண்ணாகிச் சீழ் பிடிப்பதும் உண்டு. ஐம்பது கிராம் வெள்ளி இரவும் பகலும் தோலில் உரசிக்கொண்டு கிடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. களிம்பின் 20 கிராம் குழாயில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுத்தால் 60 மில்லிகிராம்கூடத் தேறுவது கடினம். கொலுசில் உள்ளதில் அது எண்ணூறில் ஒரு பங்கு. ஐம்பது கிராமால் முடியாத காரியம் 60 மில்லிகிராமால் எப்படி முடிகிறது?

கறுப்பில் இருக்கும் சேதி

இதற்கான முதல் தடயம் கொலுசிலேயே இருக்கிறது. நாளாக ஆகக் கொலுசு கறுத்துப்போகும். விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் மறுபடி மின்னும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. காற்றில் சிறிதளவு கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி உண்டாக்கிய வெள்ளி சல்பைடு அது. கந்தகத்தைக் கண்டால் வெள்ளி விடாது. வெள்ளிக் கரண்டியால் அவித்த முட்டையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும் இதனால்தான். கந்தகம் காற்றிலும் முட்டையிலும் மட்டும் இல்லை. முடி கருகும்போது மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம், புரதத்தில் பொதிந்திருக்கும் கந்தகத்தின் நாற்றம். ஏறத்தாழ எல்லா உயிர்களின் புரதங்களிலும் அங்கங்கே கந்தகம் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கிறது. பல புரதங்களின் வடிவம் குலையாமல் நிற்பதும், பல நொதிகள் தம் வேலையைச் செய்வதும் அந்தக் கொக்கிகளை நம்பித்தான்.

பாக்டீரியாவுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் நொதிகளை நம் செல்கள் மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளறையில் பத்திரமாக வைத்திருக்கின்றன. பாக்டீரியாவுக்கு அப்படி உள்ளறை இல்லை. அதன் அடுப்பு வாசற்படியிலேயே, அதாவது அதன் உடலைச் சுற்றியுள்ள சவ்விலேயே எரிகிறது. வெள்ளி வந்து அந்த நொதிகளின் கந்தகக் கொக்கியில் மாட்டிக்கொண்டால் அடுப்பு அணையும், சவ்வு கிழியும், உள்ளே போன வெள்ளி டி.என்.ஏ.வையும் சுருட்டி முடக்கும். கொலுசைக் கறுக்கவைக்கும் அதே ஈர்ப்புதான் கிருமியையும் கொல்கிறது.

ஆனால் இப்படி மாட்டிக்கொள்வது பளபளக்கும் உலோக வெள்ளி அல்ல. வெள்ளி அணு ஒன்று தன் எலக்ட்ரான்களில் ஒன்றை இழந்து, நீரில் கரைந்து திரியும் நிலைக்கு வர வேண்டும். மின்னேற்றம் பெற்ற அந்த அணுவுக்கு அயனி என்று பெயர். கொலுசின் வெள்ளி அவ்வளவு எளிதில் எலக்ட்ரானை விடாது. அது மதிப்புள்ள உலோகமாக இருப்பதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்களை மட்டுமே ஈரமும் ஆக்சிஜனும் தொட முடியும். கொலுசில் மேற்பரப்பு கொஞ்சம், உட்புறம் ஏராளம். போதாக்குறைக்கு அந்தக் கறுப்புப் படலம் வேறு மேலே மூடிக்கொள்கிறது. ஐம்பது கிராமும் பெட்டகத்தில் பூட்டிய பணம்தான்.

ஒரு சர்க்கரைக் கட்டி அளவு வெள்ளி

பெட்டகத்தைத் திறக்க வழி உண்டா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டி ஒன்று. எடை பத்தரை கிராம். அதற்கு ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதைக் கத்தியால் எல்லாப் பக்கமும் பாதியாக வெட்டுங்கள். எட்டுத் துண்டுகள் கிடைக்கும். வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் உள்ளே இருந்த இடங்கள் வெட்டுமுகங்களாக வெளியே வந்துவிட்டன. பரப்பு 12 சதுர சென்டிமீட்டர். தேங்காயைத் துருவினால் பால் சுலபமாக இறங்குகிறதே, அதே விஷயம்தான். மறுபடி வெட்டினால் 24. இப்படியே வெட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு துண்டும் பக்கத்துக்கு 10 நானோமீட்டர் ஆகும்போது நிறுத்துங்கள். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. இப்போது மொத்தப் பரப்பு பத்து லட்சம் மடங்கு பெருகி 600 சதுர மீட்டர் ஆகியிருக்கும். நம் நிலக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 15 சென்ட். தாராளமாக ஒரு வீடு கட்டித் தோட்டமும் போடலாம். பத்தரை கிராம் வெள்ளிக்கு இவ்வளவு முகம்!

அந்தத் துண்டு ஒன்றில், பத்து அணுக்களை எடுத்தால் அதில் ஒன்றுக்கும் மேல் மேற்பரப்பில் நிற்கும். கொலுசில் அந்த விகிதத்தை எழுத வேண்டுமானால் புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூச்சியம் போட வேண்டும். மூலைகளிலும் விளிம்புகளிலும் நிற்கும் அணுக்களுக்குச் சுற்றிலும் பிடித்துக்கொள்ள அண்டை அணுக்கள் குறைவு. ஆகவே அவை சுலபமாகக் கழன்று அயனியாகும். வெள்ளியின் குணம் மாறவில்லை, அதன் கதவுகள் பெருகியிருக்கின்றன. ‘நானோ’ என்ற சொல்லை விளம்பரங்களில் மந்திரம் போல உச்சரிக்கிறார்கள். இந்த விஷயத்தில் அதன் பின்னால் இருப்பது இந்தப் பரப்புக் கணக்குதான்.

துகளா, அயனியா?

இங்கே ஒரு குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற ஒரு பாக்டீரியாவைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினால், 10 நானோமீட்டர் வெள்ளித் துகள் ஒரு மிளகு அளவு இருக்கும். மிளகு பூசணிக்காயைத் துளைத்துக்கொண்டு போய்க் கொல்கிறதா, இல்லை மிளகிலிருந்து கசியும் காரம்தான் கொல்கிறதா? துகளே ஒரு ஆயுதம் என்று நம்பியவர்கள் அதன் வடிவத்தைக் கூர்மையாக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெத்ரோ ஆல்வரெஸின் குழு 2012இல் இதற்கு ஒரு நேரடியான சோதனை வைத்தது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெள்ளி எலக்ட்ரானை இழக்காது, அயனி உண்டாகாது. ஆகவே துகள்களைத் தயாரிப்பதிலிருந்து பாக்டீரியாவோடு கலப்பது வரை எல்லாவற்றையும் ஆக்சிஜனே எட்டாத சூழலில் செய்தார்கள். பாக்டீரியா சாகவில்லை. துகள் இருந்தது, கொலை நடக்கவில்லை. அயனிதான் குற்றவாளி, துகள் அதைச் சுமந்து வரும் வண்டி.

அதே ஆய்வில் இன்னொரு சங்கதியும் வெளிப்பட்டது. கொல்லும் அளவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையான வெள்ளியைக் கொடுத்தபோது, பாக்டீரியா சாவதற்குப் பதிலாக இன்னும் தெம்பாகப் பிழைத்தது. அரைகுறை அளவு கிருமிக்கு டானிக். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிட்டத்தட்டப் பேய்க்கதை மாதிரி இருக்கும். வெள்ளியால் செத்த பாக்டீரியாக்களைக் கழுவி எடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களோடு சேர்த்து வைத்தார்கள். பிணங்கள் உயிருள்ளவற்றைக் கொன்றன. செத்த உடலுக்குள் சேர்ந்திருந்த வெள்ளி மெல்லக் கசிந்து அடுத்ததைப் பிடித்துக்கொண்டது. துகளோ பிணமோ, அயனியைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுக விடும் எதுவும் கொல்லும். எனவே வெள்ளி மருத்துவத்தின் கேள்வி எவ்வளவு வெள்ளி என்பதல்ல. எந்த வேகத்தில், எத்தனை நாளைக்கு அயனி வருகிறது என்பதே. என் வாதம் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

வெள்ளமும் மடையும்

இந்தக் கண்ணோடு பார்த்தால் வெள்ளியின் வரலாறே, அயனியை அளந்து திறந்துவிடும் மடை ஒன்றைத் தேடிய வரலாறாகத் தெரியும். 1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் க்ரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். தாயிடமிருந்து தொற்றிக் குழந்தையைக் குருடாக்கும் கண் நோய், நூற்றுக்குப் பத்துப் பேரிடம் கண்டது, ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். வெந்த உடம்புக்குப் போதாது.

தீக்காயத்தில் செத்துப்போன தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே ஊசியில் ஏற்றும் ஆண்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. மருந்தை மேலேயே போட வேண்டும். 1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் மோயர் 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட்டில் நனைத்த துணிகளைத் தீக்காயத்தின் மேல் சுற்றினார். உயிர்கள் பிழைத்தன, ஆனால் பாடு பெரும்பாடு. இந்தக் கரைசலில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்கும் மேல் வெள்ளி, அத்தனையும் அயனியாக. புண்ணில் ஊறும் நீரோ உப்புநீர். ரத்த நீரில் லிட்டருக்கு மூன்றரை கிராம் குளோரைடு இருக்கிறது. அயனி வந்து இறங்கியதும் குளோரைடு அதைப் பிடித்து வெள்ளை வண்டலாக்கிவிடும். மிச்சத்தைப் புண்ணில் மிதக்கும் புரதங்கள் விழுங்கும். எனவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை துணியை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கை, தரை, செவிலியரின் கை எல்லாம் கறுப்பு. நோயாளியின் உடம்பிலிருந்து உப்புச்சத்து இறங்கிப்போய் அது வேறு ஆபத்து. காட்டாற்று வெள்ளம் போல வந்து, காட்டாறு போலவே வற்றியது.

1968இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியைச் சல்ஃபா மருந்தோடு இணைத்துச் சில்வர் சல்ஃபாடையசீன் களிம்பைக் கொண்டுவந்தார். மருந்துக் கடை வெள்ளைக் களிம்பு இதுதான். சேர்மம் மெதுவாகக் கரைவதால் வெள்ளி கொஞ்சம் நிதானமாக வரும். இது முதல் மடை. ஆனாலும் ஓட்டை மடை. நாளுக்கு ஒன்றிரண்டு முறை பழைய களிம்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். களிம்பும் புண்நீரும் கலந்து ஒரு போலிப் பொருக்கு படியும். அதை உரித்தெடுக்கும்போது நோயாளி துடிப்பதைத் தீக்காயப் பிரிவில் இருந்தவர்கள் அறிவார்கள். 1990களில் கனடாவின் ராபர்ட் பரெல் வேறு வழியில் போனார். வெற்றிடத்தில் வெள்ளியை ஆவியாக்கி, பாலிஎத்திலீன் வலையின் மேல் ஏறத்தாழ 15 நானோமீட்டர் படிகங்களாகப் படியவைத்தார். ஆக்டிகோட் என்ற பெயரில் சந்தைக்கு வந்த இந்தக் கட்டுத்துணி வெளிவிடும் வெள்ளி லிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் மட்டுமே. மோயரின் கரைசலில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் குளோரைடு விழுங்க விழுங்க, படிகம் புதிய அயனிகளை விட்டுக்கொண்டே இருக்கும், மூன்று நாள், சில வகைகளில் ஏழு நாள்.

மடை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப்பின் குழு 2013இல் அறிவித்த குடிநீர் வடிகட்டி, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் அலுமினியச் சேர்மமும் கலந்த கூண்டுக்குள் வெள்ளி நானோத் துகள்களைச் சிறைவைக்கிறது. அதிலிருந்து நீரில் கசிவது லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவு வெள்ளி. கிருமி சாக அது போதும். புண்ணுக்கு ஏன் அதைப் போல இரண்டாயிரம் மடங்கு? குடிநீரில் வெள்ளியை விழுங்கக் காத்திருக்கும் சீழோ சதையோ இல்லை. ஆய்வகத்தில் தெளிந்த நீரில் கிருமியைக் கொன்றுவிட்டு, புண்ணுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்கும் கட்டுரைகளை இந்த ஒரு கணக்கால் எடைபோடலாம்.

உப்புநீரை ஏன் தொடக்கூடாது

கொதிக்கும் எண்ணெய் பட்டுப் புறங்கை கொப்பளித்த ஒருவருக்கு ஆக்டிகோட் கட்டைப் போடுவதைப் பாருங்கள். புண்ணைக் கழுவி, செத்த தோலை நீக்கிவிட்டு, கட்டுத்துணியைப் புண்ணின் அளவுக்கு வெட்டுகிறார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை. பிறகு நனைக்க வேண்டும். நனையாவிட்டால் அயனி புறப்படாது. பொதுவாகப் புண் கழுவ எல்லாரும் எடுப்பது சலைன் புட்டி. இங்கே அது கூடாது, நுண்ணுயிர் நீக்கிய வெறும் தண்ணீர்தான். சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதை ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு, வெள்ளி புண்ணை எட்டுவதற்கு முன்பே துணியிலேயே மறித்து வண்டலாக்கிவிடும். தண்ணீரில் நனைத்து விரித்து, மேலே ஈரம் காக்கும் இன்னொரு துணி வைத்துச் சுற்றினால், மூன்றாம் நாள் வரை தொட வேண்டாம். அவிழ்க்கும்போது தோலில் சாம்பல் கறை இருக்கும், கழுவினால் போய்விடும். என்னைக் கேட்டால் நானோ வெள்ளியின் பெரிய சாதனை கிருமிக் கணக்கில் இல்லை. மூன்று நாளைக்குப் புண்ணை யாரும் சுரண்டவில்லை என்பதில் இருக்கிறது. புதுத் தோல் செல்கள் புண்ணின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வருபவை. ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் அவற்றின் பாதை அழிகிறது.

கொல்வது வேறு, ஆற்றுவது வேறு

இத்தனை சொன்ன பிறகு, எதிர்த் தரப்பின் சாட்சியத்தையும் கேட்டாக வேண்டும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010இல் வெள்ளி மருந்துகள் பற்றிய 26 சோதனைகளை, 2,066 நோயாளிகளை ஆராய்ந்தது. வெள்ளி தொற்றைத் தடுக்கிறது என்றோ புண்ணை விரைந்து ஆற்றுகிறது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பு. 2013இல் தீக்காயக் கட்டுகள் பற்றிய அதன் இன்னொரு தொகுப்பில், சல்ஃபாடையசீன் களிம்பு மற்றக் கட்டுகளைவிட மெதுவாகவே புண்ணை ஆற்றியது. பிரிட்டனில் 213 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், சிரைக் கோளாறால் வரும் கால் புண்ணுக்கு வெள்ளிக் கட்டும் சாதாரணக் கட்டும் 12 வாரத்தில் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. வெள்ளிக் கட்டு ஆதரவாளர்கள், சோதனைகளின் தரம் குறைவு, விதவிதமான வெள்ளியை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழுப் பதில் ஆகாது.

முழுப் பதில் நாம் ஏற்கனவே பார்த்த வேதியியலில் இருக்கிறது. கந்தகக் கொக்கி நம் செல்களிலும் உண்டு. உள்ளறையில் அடுப்பு வைத்திருப்பதால் நாம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறோம்; அவ்வளவே. கிருமியைக் கொல்லும் அளவுக்கும் புதுத்தோல் செல்லை நோகடிக்கும் அளவுக்கும் நடுவே உள்ள வரப்பு மிக ஒடுக்கமானது. கிருமி மலிந்த புண்ணில் வெள்ளிக்கு வேலை இருக்கிறது. சுத்தமான புண்ணில் அதற்குக் கொல்ல எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது நம் செல்கள்தான். சிரைக் கோளாறில் கால் புண் ஆறாததற்குக் காரணம், ரத்தம் மேலேறாமல் காலில் தேங்கும் அழுத்தம். கிருமியைக் கொன்றால் அழுத்தம் குறையுமா? சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணும் அப்படித்தான். நரம்பு மரத்து, ரத்தக் குழாய் சுருங்கி, அதே இடத்தில் எடை விழுந்துகொண்டிருக்கும் வரை எந்த உலோகமும் அதை ஆற்றாது. அந்தப் புண்ணை ஆற்றும் நோக்கத்துக்காக வெள்ளிக் கட்டு போட வேண்டாம் என்றே சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டிகள் சொல்கின்றன. 2012இல் புண் மருத்துவ நிபுணர்கள் கூடி, வெள்ளிக் கட்டைத் தொற்று உள்ள, அல்லது தொற்றும் அபாயம் மிகுந்த புண்ணுக்கு மட்டும், முதலில் இரண்டு வாரத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒரு வரையறை வைத்தார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. சோதனைகள் வெள்ளியைத் தோற்கடித்ததாக நான் நினைக்கவில்லை. அதன் மேல் சுமத்திய தவறான வேலையைத் தோற்கடித்திருக்கின்றன.

கிருமி சும்மா இருக்குமா?

ஆண்டிபயாட்டிக் போல வெள்ளிக்கும் கிருமி பழகிவிடாதா? வெள்ளி ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால் பழகுவது கடினம் என்பார்கள். கடினம்தான், ஆனால் நடந்திருக்கிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லா பரவியதையும் நோயாளிகள் இறந்ததையும் 1975இல் ஒரு மருத்துவ அறிக்கை பதிவு செய்தது. அந்தக் கிருமியின் தந்திரத்தை 1999இல் அவிழ்த்தது சைமன் சில்வரின் குழு (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்). வாசலிலேயே வெள்ளியைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம், மீறி உள்ளே வந்ததை இறைத்து வெளியே தள்ளும் பம்புகள், இவற்றுக்கான மரபணுக்கள் அத்தனையும் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தன.

நானோத் துகளுக்கென்றே ஒரு தந்திரமும் உண்டு. செக் நாட்டின் ஒலொமோட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது இது. கொல்லாத அளவு வெள்ளித் துகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தபோது, ஈ.கோலை பாக்டீரியா ஃபிளாஜெலின் என்ற புரதத்தைச் சுரந்து வெளியே விட்டது. நீந்த உதவும் சாட்டையைக் கட்டும் புரதம் அது. அதன் பசையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாயின. நாம் வெட்டி வெட்டிப் பெருக்கிய பரப்பைக் கிருமி ஒட்டி ஒட்டிச் சுருக்கிவிட்டது. 15 சென்ட் நிலத்தை மறுபடி சர்க்கரைக் கட்டியாக்கும் வேலை. அந்தப் புரதத்தைச் சுரக்கவிடாமல் தடுத்தது என்ன தெரியுமா? மாதுளம்பழத் தோலின் சாறு. அதைச் சேர்த்ததும் துகள்கள் மீண்டும் பலன் தந்தன. உடனே மாதுளைத் தோலை அரைத்துப் புண்ணில் பூச வேண்டாம். அது ஆய்வகக் குடுவையில் கிடைத்த முடிவு.

முன்பு பார்த்த ரைஸ் ஆய்வின் டானிக் கதையும் இந்த ஒலொமோட்ஸ் கதையும் பொதுவாக எச்சரிப்பது அரைகுறை அளவைப் பற்றித்தான். காலுறையிலும் உள்ளாடையிலும் சலவை இயந்திரத்திலும் ‘நானோ சில்வர்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அங்கெல்லாம் வெள்ளி கொல்லும் அளவுக்கு வருவது அரிது. பழக்கப்படுத்தும் அளவுக்கு வரலாம், சாக்கடையிலும் போய்ச் சேரும். வெள்ளியை உள்ளே குடிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். வெள்ளிக் கரைசலை மாதக்கணக்கில் குடித்தவர்களின் தோல் நீலச் சாம்பலாக மாறி நின்றுவிடுகிறது. வெள்ளி உடலுக்குள்ளும் போய்க் கந்தகத்தைத் தேடிக்கொள்கிறது. விபூதி போட்டுத் தேய்த்துப் போக்க முடியாத கறுப்பு.

மடையை யார் அடைப்பது?

வெள்ளியைத் தவிரத் துத்தநாக ஆக்சைடு, தாமிர ஆக்சைடு, கைட்டோசான் என்று வரிசையில் நிற்கும் நானோப் பொருள்கள் பல. ஒவ்வொன்றும் சோதனைக் குடுவையில் கிருமியைக் கொல்கிறது. அதற்காக மட்டும் அவற்றைக் கொண்டாட வேண்டியதில்லை, பினாயிலும் கொல்லும். இனிமேல் பார்க்க வேண்டியது, வேலை முடிந்ததும் நிறுத்தத் தெரிந்த பொருள் எது என்பதை. இன்றைய கட்டு மூன்று நாளைக்குத் தொடர்ந்து அயனியை விடுகிறது, இரண்டாம் நாளே கிருமி ஒழிந்திருந்தாலும். புண்ணிடமே ஒரு அடையாளம் இருக்கிறது. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது. தொற்று முற்றிய புண் காரத்தன்மைக்குச் சாயும். ஆற ஆற மறுபடி அமிலத்தன்மைக்குத் திரும்பும். இந்த மாற்றத்தை உணர்ந்து, காரத்தில் விரிந்து வெள்ளியை விடவும் அமிலத்தில் சுருங்கி அடைத்துக்கொள்ளவும் கூடிய கூழ்மக் கட்டுகளைச் செய்து பார்க்கிறார்கள். இப்போதைக்கு அவற்றின் நோயாளிகள் பெரும்பாலும் ஆய்வக எலிகள்தான். அதுவும் மயிர் மழித்த முதுகில், கத்தியால் வட்டமாக வெட்டிய, ஒரே வயதுள்ள, ஒழுங்கான புண்கள்.